மூன்றாம் மாதத்திலேயே உத்தியோகத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு

பிரசவித்த ஒரு பெண் எத்தனை நாள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு, வைத்தியர்களுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு, சட்டத்துக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு, ஆயினும் மாதம் பிறந்தால் கட்ட வேண்டிய தவணையும், "எப்போது வருகிறீர்கள்?" என்று காரியாலயத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்புமே கடைசியில் அந்த நாள்களைத் தீர்மானித்துவிடுகின்றன என்பதைத் திருப்பூரில் வாழ்கிறவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நான் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் வேலை பார்ப்பவள். ஆர்டர் கைக்கு வந்தது முதல் நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு படியையும் விரட்டிப் பிடித்து, ஷிப்மெண்ட் தேதிக்குள் சரக்கைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைப்பது வரை என் பொறுப்பு. தேதி தவறினால் கப்பலில் போக வேண்டியது விமானத்தில் போகும், அந்தச் செலவில் லாபம் முழுவதும் கரைந்துவிடும். ஆகவே இந்தப் பிரிவில் ஒருவர் நீண்ட விடுப்பில் இருப்பதை முதலாளிகள் மனமுவந்து சகிப்பதில்லை. எனக்குச் சம்பளத்தோடு கிடைத்தது மூன்று மாதம். சட்டம் 26 வாரம் என்று சொல்வது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் என் கணவருடைய சிறிய நிட்டிங் பட்டறையில் மெஷின்கள் பாதி நாள் ஓடாமல் நின்றுகொண்டிருந்த காலம் அது, வழக்காடிக்கொண்டு வீட்டில் இருப்பதற்கான பொருளாதார ஸ்திதி எங்களுக்கு இல்லை. சிசேரியன் ஆகி, அந்த மூன்றாம் மாதம் நிறைந்ததும் நான் மறுபடியும் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அதே வருஷத்தில் எங்கள் சுற்றத்தில் இன்னும் இரண்டு குழந்தைகள் பிறந்தன. என் நாத்தனார் அரசுப் பள்ளி ஆசிரியை. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2011-இல் ஆறு மாதமாக உயர்ந்த பிரசவ விடுப்பு 2016-இல் ஒன்பது மாதமாகி, 2021 ஜூலை முதல் ஒரு வருஷமாகிவிட்டதால், அவள் தன் பெண்ணுக்குப் பல் முளைப்பதையும், அது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் பக்கத்திலிருந்தே பார்த்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள். எங்கள் தையல் பிரிவில் ஓவர்லாக் மெஷினில் உட்காரும் அக்கா ஒருத்தி, கான்ட்ராக்டர் கீழ் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவள், நாற்பது நாள் தீட்டுக் கழித்த கையோடு வந்துவிட்டாள். தைத்தால்தான் கூலி, தைக்காத நாளுக்கு ஒன்றுமில்லை. மூன்று தேகங்களும் ஒரே விதமாக நொந்தவைதான், மூன்று சிசுக்களுக்கும் பசி ஒரே விதமானதுதான். தாய் எந்த வாசல் வழியாக வேலைக்குப் போகிறாள் என்பதைப் பொறுத்து அந்தச் சிசுவுக்குக் கிடைக்கும் தாய்மடியின் காலம் இத்தனை வித்தியாசப்படுவது தர்மமே அன்று என்பது என் உறுதியான எண்ணம். நாத்தனாருக்குக் கிடைத்தது அதிகம் என்று நான் சொல்லவில்லை. அதுவே நியாயமான அளவு, மற்ற இருவருக்கும் அது கிடைக்கவில்லை என்பதே என் வருத்தம்.

இனி, இந்த நிர்ப்பந்தத்தில் அகப்பட்டவள் என்ன செய்வது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் தேகம். பிரசவமான நாளிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு பெண்ணை வேலைக்கு வைத்துக்கொள்வதைச் சட்டமே தடைசெய்திருக்கிறது; கர்ப்பப்பை சுருங்கித் தன் பழைய அளவுக்கு வர ஏறக்குறைய அத்தனை காலம் ஆகும் என்பதும், உதிரப்போக்கு முழுவதும் நிற்க அத்தனை காலம் ஆகலாம் என்பதும் அதற்குப் பின்னாலிருக்கும் காரணங்கள். ஆறு வாரம் கழிந்துவிட்டது என்பதற்காகத் தேகம் பழைய தேகமாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. மேடுபள்ளமான சாலையில் ஸ்கூட்டரில் போகும்போது தையல் போட்ட இடம் இழுப்பது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, எழுந்து நின்றால் கண் இருட்டுவது இவையெல்லாம் சோம்பலின் அடையாளங்கள் அல்ல. பின்னிரண்டும் பெரும்பாலும் இரத்தசோகையின் அடையாளங்கள். பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்தனுப்புகிறார்களே, அதைக் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் பாதியில் மறந்துபோகிறவர்கள் அநேகர். வேலைக்குத் திரும்புகிறவள் அதை மறக்கவே கூடாது.

அடுத்தது பால். இந்த விஷயத்தில் நான் சற்று விரிவாகவே எழுதப்போகிறேன். ஏனென்றால் சீக்கிரம் வேலைக்குத் திரும்புகிறவளின் கஷ்டங்களில் பாதி இதில்தான் இருக்கிறது, இதைப் பற்றித்தான் நம் பெண்கள் மிகவும் சங்கோசப்பட்டு மௌனமாக இருக்கிறார்கள்.

குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வாக்கு. தாயோ மூன்றாம் மாதத்திலேயே காலை எட்டரைக்குப் புறப்பட்டுப் போய்விடுகிறாள். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரப்ப உள்ள ஒரே உபாயம், பாலைக் கறந்து சேமித்து வைப்பதுதான். மார்பிலிருந்து எடுக்க எடுக்கத்தான் பால் சுரக்கும். எடுக்காமல் தேங்க விட்டால், 'இங்கே தேவை குறைந்துவிட்டது' என்று தேகம் தீர்மானித்துச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். ஆகையால் காரியாலயத்தில் இருக்கும் நேரத்திலும், குழந்தை வழக்கமாகப் பால் குடிக்கும் வேளைகளை அனுசரித்து, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறையேனும் பாலை எடுத்தாக வேண்டும். தவறினால் பால் கட்டிக்கொண்டு, மார்பு கல்லாகி, காய்ச்சலில் கொண்டுபோய் விடும். மார்பு சிவந்து சூடாக இருந்து காய்ச்சலும் சேர்ந்துவிட்டால் கைவைத்தியத்தில் காலம் கடத்தாமல் டாக்டரிடம் போய்விட வேண்டும். அப்போதும் பால் எடுப்பதை நிறுத்தக் கூடாது.

வேலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே, விடியற்காலையில் குழந்தை குடித்து முடித்தபின் மிச்சமிருக்கும் பாலை எடுத்துச் சேர்க்கத் தொடங்கலாம். பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன் இரவில்தான் அதிகம் என்பதால் அந்த வேளையில் தாராளமாக வரும். எடுத்த பால் 25 டிகிரி வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனால் சித்திரை வைகாசியில் எங்கள் ஊர் அறைகள் 25 டிகிரியிலா இருக்கின்றன? எடுத்தவுடன் குளிரில் வைத்துவிடுவதுதான் க்ஷேமம். ஃப்ரிட்ஜின் கதவில் வைக்காமல், உள்ளே பின்பக்கமாக வைத்தால் நான்கு நாள் வரை கெடாது. ஃப்ரீசரில் மாதக்கணக்கில் இருக்கும், ஆனால் உருக வைத்ததை ஒரு நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. பாத்திரத்தின் மேல் தேதியும் நேரமும் எழுதி, பழையதை முதலில் எடுக்க வேண்டும். அடுப்பில் வைத்துக் காய்ச்சுவது வேண்டாம். வெந்நீருக்குள் டம்ளரை இறக்கி வைத்தால் போதும். கொழுப்பு பிரிந்து மேலே மிதப்பதைக் கண்டு, திரிந்துவிட்டது என்று எண்ணிக் கீழே கொட்டிவிட்ட வீடுகளை நான் அறிவேன். மெல்லச் சுழற்றினால் அது கலந்துவிடும். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்திருந்து கொடுக்கக் கூடாது.

எங்கள் காரியாலயத்தில் பால் எடுப்பதற்கென்று இடமில்லை. கழிவறையில் போய் எடுத்துக்கொள் என்று சொன்னார்கள். மனிதர் உண்ணும் ஆகாரத்தைக் கழிவறையில் தயாரிக்கச் சொல்வது எந்தச் சாஸ்திரத்திலும் ஒப்புக்கொள்ளத் தக்கதன்று என்று நான் மறுத்துவிட்டேன். பிறகு சாம்பிள் அறை கிடைத்தது. கூரை வரை தொங்கும் சட்டைகளுக்கும் டி-ஷர்ட்களுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல். உட்பக்கத் தாழ்ப்பாள் சரியாக விழாததால், சாம்பிள் தைக்கும் அம்மா ஒருவர் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பட்டன் வைத்துக்கொண்டிருப்பார். யாராவது வந்தால், "உள்ளார அளவு எடுக்கறாங்க, அப்பறமா வாங்க" என்று அனுப்பிவிடுவார். அவருக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்? மனம் பதற்றமாக இருந்தால் பால் இறங்காது. பாலை இறக்கிவிடும் ஹார்மோனுக்குப் பயம் ஆகாது. வெளியே ஒருவர் காவல் இருக்கிறார் என்ற நிச்சயம் வந்த பிறகுதான் எனக்கும் ஒழுங்காகப் பால் இறங்கிற்று. விலையுயர்ந்த பம்ப் வாங்க முடியாதவர்கள் விசனப்பட வேண்டாம். கையாலேயே சுத்தமான டம்ளரில் எடுக்கலாம், பழகிவிட்டால் அதுவே சுலபம். பிரசவ வார்டு நர்சுகளிடம் கேட்டால் எப்படி அழுத்த வேண்டும் என்று காட்டித் தருவார்கள்.

ஓவர்லாக் அக்காவைப் பற்றி முன்பு சொன்னேன். மீட்டிங் நடுவில் மார்பு கசிந்து சட்டை நனைந்துவிடுமோ என்ற கவலையோடு நான் துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்த அவள், மறுநாள் என் மேஜையின் மேல் ஒரு சிறிய பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனாள். பிரித்துப் பார்த்தால், கட்டிங்கில் விழும் இன்டர்லாக் காட்டன் துண்டுகளை வட்டமாக வெட்டி, நான்கு மடிப்பு வைத்து, ஓரம் அடித்து, துவைத்து, காயவைத்து எடுத்து வந்திருந்தாள். சாயம் போடாத வெள்ளைத் துணி, தோலை உறுத்தாது, வேண்டிய மட்டும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மாலையில் துவைத்துப் போட்டால் காலையில் தயார். கடையில் விற்கும் பேடுகளைவிட அது எவ்வளவோ மேல். அவள் தனக்கும் அப்படித்தான் தைத்து வைத்திருந்தாள்; ஆனால் அவளுக்குப் பால் எடுக்க நேரமும் இல்லை, இடமும் இல்லை, குழந்தையோ ஊரில் பாட்டியிடம். சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெரியவர்கள் சொன்னபடி மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டிப் பாலை வற்றவிட்டாள். மல்லிகைக்கு அந்தக் குணம் உண்டு என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1988-இல் ஆராய்ச்சிக் கட்டுரையாகவே வெளியிட்டிருக்கிறார்கள். குழந்தையை இழந்த தாய்மார்களின் மார்புச் சுமையைக் குறைக்கப் பயன்பட வேண்டிய ஒரு வைத்தியம், குழந்தை உயிரோடும் பசியோடும் இருக்கிற ஒரு தாய்க்குத் தேவைப்பட்டதே என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

என் மகன் பாட்டிலை ஒப்புக்கொள்ளவே இல்லை. ரப்பர் வாயில் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அலறுவான். நான் மனம் கலங்கி நின்றபோது, என் அத்தை அலமாரியிலிருந்து என் கணவர் குழந்தையாக இருந்த காலத்துச் சங்கை எடுத்துக் கொதிக்கும் நீரில் போட்டார். "அம்மிணி, நீ பாலை மட்டும் வெச்சுட்டுப் போ, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார். குழந்தையைப் படுக்கவைக்காமல் கையணைப்பில் சற்று நிமிர்த்தி வைத்துக்கொண்டு, சங்கின் மூக்கைக் கீழுதட்டில் தொடுகிற மாதிரி வைத்தால், அவனே நாக்கை நீட்டி வாங்கிக்கொள்வான். வாயில் ஊற்றக் கூடாது, ஊற்றினால் புரையேறும். விழுங்கினானா என்று பார்த்துப் பார்த்துச் சாய்க்க வேண்டும். பாலாடை என்று சொல்லப்படும் இதே பாத்திரத்தைத்தான் குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் புகட்டப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் உபயோகிக்கிறார்கள். பாட்டில் கழுவுவதைவிடச் சங்கைச் சுத்தம் செய்வது சுலபம், கிருமி தங்கும் சந்து பொந்து அதில் இல்லை. பாட்டில் ரப்பருக்குப் பழகிய குழந்தை சில சமயம் மார்பை மறுப்பதுபோல, சங்குக்குப் பழகிய குழந்தை பெரும்பாலும் மறுப்பதில்லை.

பகலில் தாயைக் காணாத குழந்தை இரவில் அதற்கும் சேர்த்துக் குடிக்கும். இது இயற்கையான ஒரு சமாதானம். பால் சுரப்புக்கு நல்லதுங்கூட. ஆனால் அந்தத் தாய் காலையில் எழுந்து சமைத்து, பாத்திரம் துலக்கி, டிபன் கட்டி, வேலைக்கும் போக வேண்டும் என்றால் எந்தத் தேகம் தாங்கும்? பால் கொடுப்பதொன்றைத்தான் தாய் செய்தாக வேண்டும். துணி மாற்றுவது, ஏப்பம் விடுவிப்பது, தோளில் போட்டுத் தூங்கவைப்பது, டம்ளரையும் சங்கையும் கொதிக்கவைத்து எடுப்பது ஆகிய அனைத்தும் தகப்பனுக்கும் கைகூடும் காரியங்கள். என் கணவர் அவற்றை முதல் வாரத்திலேயே தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். பார்க்க வந்த உறவினர்கள் அதைக் கண்டு, "இவ்வளவு உதவி செய்கிறாரே" என்று அவரைச் சிலாகித்தார்கள். தன் பிள்ளைக்குத் தகப்பன் செய்வது உதவியாகாது என்று அவரே அவர்களுக்குப் பதில் சொன்னார்.

மனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது அநேகமாக எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் இரண்டு வாரத்தைத் தாண்டியும் துக்கம் நீங்காமல், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல், எதிலும் பற்றில்லாமல் இருந்தால் அது வைத்தியம் செய்துகொள்ள வேண்டிய நோய். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. 'பிள்ளையை விட்டுவிட்டு வந்தவள்' என்ற ஏச்சை வெளியாரைவிட நம் மனமே நமக்கு அதிகமாகச் சொல்லும். குழந்தையின் அரிசிக்கும் மருந்துக்கும் உழைக்கப் போனவள் அவனை விட்டுவிட்டுப் போனவள் ஆகமாட்டாள்.

தனிப்பட்ட உபாயங்களை இவ்வளவு எழுதிவிட்டு, அதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. ஏனென்றால் இவை யாவும் ஓர் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளும் வழிகளேயன்றி அதைத் தீர்க்கும் வழிகள் அல்ல. 1919-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடே, பிரசவத்துக்குப் பிறகு ஆறு வார ஓய்வும், வேலை நேரத்தில் பாலூட்ட இரண்டு அரைமணி நேரமும் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டது. 1928-இல் பம்பாய்ச் சட்டசபையில் பிரசவ உதவி மசோதா விவாதிக்கப்பட்டபோது அதை ஆதரித்துப் பேசிய டாக்டர் அம்பேத்கர், ஜனங்களின் க்ஷேமம் சர்க்காரின் கடமையாகையால் இந்தச் செலவில் சர்க்காரும் பங்கேற்க வேண்டும் என்ற கருத்தை எடுத்துச் சொன்னார். நோயின் மூலம் இந்தச் செலவை யார் ஏற்பது என்பதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு, இ.எஸ்.ஐ. பிடித்தம் முறையாகச் செய்யப்பட்டிருந்தால், 26 வாரச் சம்பளத்தை அந்தப் பொது நிதியே கொடுத்துவிடுகிறது, முதலாளிக்குத் தனிச்சுமை இல்லை. அதற்கு மேற்பட்டவர்களுக்கோ முழுச் செலவும் முதலாளி தலையில் விழுகிறது. விழுவதால் அவர் கர்ப்பிணியைக் கண்டால் கணக்குப் போடுகிறார், கல்யாணமான பெண்ணை வேலைக்கு எடுக்கவே யோசிக்கிறார். சுமையை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை மேல்சம்பளக்காரர்களுக்கும் விரிவாக்கினாலன்றி இந்த ஏய்ப்பு நிற்காது.

ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்று பிரசவ உதவிச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தக் காப்பக ஏற்பாடு இடம்பெற்றிருக்கிறது. எங்கள் கம்பெனியிலும் 'குழந்தைகள் காப்பகம்' என்று பெயர்ப்பலகை தொங்கும் ஓர் அறை உண்டு. பையர் ஆடிட் வரும் வாரத்தில் அதற்குள் ஒரு தொட்டிலும் நான்கு பொம்மைகளும் இருக்கும். மற்ற நாள்களில் அட்டைப்பெட்டிகள் இருக்கும். அந்த அட்டைப்பெட்டிகளை வெளியேற்றக் கோரி, தையல், செக்கிங், அயர்னிங் பிரிவுப் பெண்கள் அநேகர் கையெழுத்திட்ட மனு ஒன்றை நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளைக்கு மேற்பட்டு, பாலூட்ட இரண்டு இடைவேளை உண்டு என்ற விதியைக் காட்டி நான் எழுதிக் கொடுத்த கடிதத்துக்குப் பதில் வந்தது. சாம்பிள் அறையின் தாழ்ப்பாளை மாற்றிக் கொடுத்தார்கள், இப்போது அங்கே வேறு இரண்டு பெண்களும் போய்வருகிறார்கள்.

ஆகவே கர்ப்பமாக இருக்கும் சகோதரிகளுக்கு என் வேண்டுகோள் இது. மாதம் ஏழு ஆவதற்குள் உங்கள் இ.எஸ்.ஐ. பிடித்தம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேரும்போதே பிரசவகால உரிமைகளை எழுத்து மூலம் தெரிவிப்பதை 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் நிறுவனத்தின் கடமையாக்கியது, தெரிவிக்கவில்லையென்றால் கேளுங்கள். கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்று சொல்லிக் கைகழுவப் பார்த்தால், பிரசவ உரிமை கான்ட்ராக்ட் காலத்தைத் தாண்டியும் செல்லும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதைச் சொல்லுங்கள். விடுப்பு, பாலூட்டும் இடைவேளை, தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை ஆகியவற்றை வாய்வார்த்தையாகக் கேட்காமல் கடிதமாக எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். பலனில்லையென்றால் அந்த நகலோடு தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், உங்களோடு வேலை செய்யும் ஒருத்தியையும் அழைத்துக்கொண்டு போங்கள்.